தனிக் கையெழுத்து
(ஜூலை 23 நினைவுநாளையொட்டிப் புன்னக்காயலில் ஆற்றிய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நினைவுப் பேருரையைத் திருநெல்வேலியில் வைக்காமல் புன்னக்காயலில் ஏன் வைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஆறு இங்கேதான் முடிகிறது, அதனால்தான். மாஞ்சோலைப் பக்கம் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் கொக்கிரகுளத்தைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி வழியாக இந்த முகத்துவாரத்துக்கு வந்து சேர்கிறது. 1999 ஜூலை 23 அன்று அந்தக் கொக்கிரகுளத்தில்தான், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளருக்கு விடுதலையும் கேட்டுப் போன ஊர்வலத்தைக் காவல்துறை ஆற்றுக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் அந்தச் சாவுகளுக்குக் காவல்துறையைப் பொறுப்பாக்கவில்லை. ஆற்றுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

இன்றைய உரைக்கு மன்றம் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, தனிமனிதத் தத்துவம் இன்றைய கார்ப்பரேட், நிதி நிறுவனக் கலாச்சாரத்துக்குப் பொருந்துமா என்பது. செத்தவர்களை நினைக்கும் நாளில் இது என்ன தலைப்பு என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது. பிறகு நம் மன்றத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சொன்னார்: "அண்ணே, ஊர்ல இருக்க வரைக்கும் நான் இன்னார் மவன், இன்ன தெரு. அங்க போனாத்தான் நான் நானா இருக்கேன். எனக்குச் சங்கமும் வேண்டாம், சாதியும் வேண்டாம். என் வேலை பேசட்டும்."

அந்தத் தம்பியைத் திட்டுவதற்காக இந்த உரை இல்லை. அவர் கேட்டது நியாயமான ஒன்று. அது அவருக்குக் கிடைத்ததா, கிடைக்காவிட்டால் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று சேர்ந்து பார்ப்பதுதான் இன்றைய வேலை.

நம்முடைய தனிமனிதர்

இடதுசாரித் தோழர்கள் பலர் தனிமனிதவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் அது முதலாளித்துவத்தின் சரக்கு என்று தள்ளிவிடுவார்கள். நம்மால் அப்படித் தள்ள முடியாது. சாதி என்றாலே தனிமனிதரை மறுப்பதுதான். ஒரு குழந்தை என்ன படிக்கும், எந்தத் தண்ணீரைத் தொடும், யாரைக் கட்டும், எங்கே புதைபடும் என்பதை அது பிறக்கும் முன்பே முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்குப் பெயர் சாதி. அதை எதிர்ப்பவர்கள் தனிமனிதரின் மதிப்பைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

பாபாசாகேப் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்பை முன்வைத்தபோது, அது கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமத்தைப் போற்றிப் பேசியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கிராமத்தின் எந்த மூலையில் யாரை வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தனிமனிதர் என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து நமக்கு இறக்குமதியானது என்று யாரும் சொல்ல வேண்டாம். சேரியிலிருந்து வெளியே கால் வைத்த ஒவ்வொருவரும் அதைத் தங்கள் கால்களாலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பாபாசாகேப் அதோடு நிறுத்தவில்லை. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் ஒரு கேள்வி எழுப்புகிறார். அரசு தலையிடாவிட்டால் தனிமனிதருக்குச் சுதந்திரம் கிடைத்துவிடும் என்கிறீர்களே, வயிற்றுப்பாட்டுக்காகத் தன் உரிமைகளை வேலை கொடுப்பவரிடம் அடகு வைக்கிறவருக்கு அது யாருடைய சுதந்திரம் என்கிறார். அரசு விலகிய இடத்தில் தனியார் முதலாளியின் சர்வாதிகாரம் வந்து உட்காரும் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், உழைப்பவருக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள் என்று பேசியவர் அவர். அதே ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்தபோது, வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திர உரிமையின் இன்னொரு பெயர் என்று வாதிட்டார்.

இந்தக் கடைசி வாதத்தை நிறுத்திக் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் பலர் சேர்ந்து செய்வது. அதைத் தனிமனிதச் சுதந்திரத்தின் பெயரால் அவர் காக்கிறார். சேர்க்கை இல்லாமல் ஏழைக்குத் தனிமை இருக்கலாம், சுதந்திரம் இருக்காது என்பதுதான் அதன் பொருள்.

சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்த எமில் துர்கெய்ம் 1898இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். பிரான்சில் யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் பொய் வழக்கில் தண்டிக்கப்பட்டபோது, நாட்டைவிட ஒரு தனியாளின் நியாயம் பெரிதா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் எழுதினார். தன்னலத்தைத் தத்துவமாக்குவது ஒரு தனிமனிதவாதம். எந்த மனிதரையும் பலியாக்கக் கூடாது என்று சமூகமே உறுதி ஏற்பது இன்னொரு தனிமனிதவாதம். அவர் பிரித்துக் காட்டிய இந்த இரண்டில், நம்முடையது இரண்டாவது. கம்பெனிகள் நமக்கு விற்பது முதலாவது. அதையாவது கம்பெனிகள் தாங்கள் கடைப்பிடிக்கின்றனவா?

கம்பெனி என்னும் ஆள்

பெயர்ப்பலகைகளில் 'லிமிடெட்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்ன லிமிட்? பொறுப்புக்கு லிமிட். கம்பெனி நொடித்துப் போனால் பங்குதாரர் தான் போட்ட பங்குப் பணத்தை இழப்பார். அவருடைய வீட்டையோ நிலத்தையோ கடன்காரர் தொட முடியாது. பலருடைய முதலைச் சேர்த்து, அந்தச் சேர்க்கைக்கு ஓர் 'ஆள்' என்று சட்டத்தில் பெயர் கொடுத்து, உள்ளே இருக்கும் மனிதர்களை அந்த ஆளுக்குப் பின்னால் மறைத்துக் காக்கும் ஏற்பாடு இது. இந்தியாவில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் 1896இல் முடிந்த சாலமன் வழக்கைச் சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். சாலமன் ஒரு தோல் காலணி வியாபாரி. தன் கடையைக் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் சாலமனைப் பிடித்தார்கள். பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் அங்கே ஒருவருக்குச் சட்டம் நெய்த கவசத்தைக் கொடுத்தது. இங்கே அதே தோல் தொழில் தலைமுறை தலைமுறையாக நம்மவரைத் தீண்டத்தகாதவராக்கியது. இங்கே யாரும், தொழில் வேறு, ஆள் வேறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆக, உலகத்தின் மிகப் பெரிய கூட்டு ஏற்பாடு கம்பெனிதான். தனிமனிதத் தத்துவத்தின் மூலவர்களில் ஒருவராகக் கொண்டாடப்படும் ஆடம் ஸ்மித்தே 1776இல் கூட்டுப் பங்கு நிறுவனங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பவர் தன் பணத்தைப் போல அதைக் கவனிக்க மாட்டார் என்பது அவர் கவலை. 20ஆம் நூற்றாண்டில் அயன் ராண்ட் தன் நாவல்களில், யாருக்கும் கடன்படாத தொழில் வீரரைக் காவிய நாயகனாக்கினார். 1970இல் மில்டன் ஃபிரீட்மன், லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். புத்தகத்தில் இருப்பது தனி வீரர். பதிவு அலுவலகத்தில் இருப்பது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு.

மாஞ்சோலைக் கணக்கு

பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கிய கம்பெனி. பர்மாவின் தேக்குக் காட்டில் பணம் பார்த்தது. அந்தக் கம்பெனிக்கு மன்னர் தீபா விதித்த அபராதத் தகராறுதான் 1885இல் பிரிட்டன் பர்மாமீது படையெடுக்கக் காட்டிய காரணங்களில் ஒன்று. ஒரு கம்பெனியின் கணக்குத் தகராறுக்கு ஒரு பேரரசின் படையே பின்னால் நின்றது.

அதே கம்பெனி 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2028இல் முடிய வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டியதும் தேயிலை நட்டதும் அட்டைக்கடியில் கொழுந்து கிள்ளியதும் பெரும்பாலும் சமவெளியிலிருந்து ஏற்றப்பட்ட நம் மக்கள். ஊரில் இருந்தால் பண்ணையடிமை, மலைக்குப் போனால் கூலியாவது கிடைக்கும் என்று ஏறினார்கள். அதுவும் ஒரு தனிமனிதத் தேர்வுதான். சென்னைத் தம்பியின் கொள்ளுத்தாத்தா எடுத்த முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 95 ஆண்டுக் காலத்தில் கம்பெனி கைமாறியது, வாடியா குழுமத்துக்குப் போனது, பிரிட்டானியா பிஸ்கட் நிறுவனத்தின் பெரும்பங்கைத் தன் துணை நிறுவனங்கள் வழியாகக் கையில் வைத்திருக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் குத்தகை தொடர்ந்தது. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்த தொழிலாளருக்கு மட்டும் ஒரு சென்ட் நிலம் சொந்தமாகவில்லை. வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும்.

2024இல் என்ன நடந்தது? குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே கம்பெனி வெளியேற முடிவெடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் 'விருப்ப ஓய்வு' விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியது. தொகையில் ஒரு பகுதி முதலில், மீதி வீட்டைக் காலி செய்த பிறகு. தேயிலைத் தோட்டக் கழகம் தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று மக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. காடு காடாகட்டும் என்பதில் நமக்குப் பகை இல்லை. களக்காடு முண்டந்துறைப் புலிக்கும் வீடு வேண்டும். நமக்கும் வேண்டும் என்பதுதான் பேச்சு.

அந்த விண்ணப்பத்தைச் சற்றுப் பாருங்கள். ஒரு தாள், ஒரு பெயர், ஒரு கையெழுத்து. 'விருப்பம்' என்ற சொல் அதில் இருக்கிறது. எதிரே கையெழுத்திடுவது ஒன்றரை நூற்றாண்டு கடந்த ஒரு கூட்டு ஆள். அதற்கு வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு, இயக்குநர் குழு உண்டு. இந்தப் பக்கம் கையெழுத்திடுபவர் தனியாள். 1999இல் இதே மக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டாகப் போனார்கள், ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 2024இல் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள், மேசைமுன் நிறுத்தப்பட்டார்கள். கூட்டாகப் போனால் கலவரம் என்கிறார்கள், தனியாகப் போனால் விருப்பம் என்கிறார்கள்.

குழுக் கடன்

கடன் என்று வரும்போது இந்தக் கணக்கு அப்படியே புரள்கிறது. முகத்துவாரத்துக் கிராமங்களிலும் ஆற்றங்கரைக் காலனிகளிலும் குழுக் கடன் இல்லாத வீடு குறைவு. சொந்தச் சேமிப்பிலிருந்து வளர்ந்த மகளிர் சுயஉதவிக் குழுவை நாங்கள் இங்கே சொல்லவில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த இயக்கம் பெண்களுக்குக் கொடுத்த தைரியம் பெரிது. நாங்கள் சொல்வது தனியார் நுண்நிதி நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்புக் குழு. பத்துப் பெண்களைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும்.

எங்கள் பகுதியில் நாங்கள் நேரில் பார்த்தது. மீன்பாடு இல்லாத மாதம். ஒரு தங்கச்சியால் இரண்டு வாரத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர் சத்தம்கூடப் போடவில்லை. குழுவிலிருந்த மற்ற பெண்களை அவள் வாசலில் உட்கார வைத்துவிட்டு, "பணம் வந்த பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு பைக்கில் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டன. உலை வைக்க வேண்டும். பொழுது சாயச் சாய, கம்பெனி மீதிருக்க வேண்டிய கோபம் அந்தத் தங்கச்சி மீது திரும்பியது. கடைசியில் அவள் நாத்தனாரே அவளை ஏசினாள். காதில் கிடந்த கம்மல் அன்றிரவு அடகுக்குப் போனது. அதன் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சாலமனின் மனைவி பிள்ளைகளை அவருடைய கடனுக்காகச் சட்டம் தொடவில்லை. இங்கே பக்கத்து வீட்டுப் பெண், சொந்தம்கூட இல்லாதவள், இன்னொருத்தியின் கடனுக்குப் பொறுப்பாகிறாள். பணக்காரருக்கு வரையறுத்த பொறுப்பு, ஏழைக்கு வரம்பில்லாத பொறுப்பு. வேலையில் நம்மைத் தனியாளாக்குகிறார்கள், கடனில் நம்மைக் கூட்டாளியாக்குகிறார்கள். இரண்டு இடத்திலும் யாருக்கு வசதி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2016இல் வந்த திவால் சட்டத்தின் கீழ், பெரிய கம்பெனிகளின் கடனில் பெரும்பங்கை வங்கிகள் விட்டுக்கொடுத்துத் தீர்ப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அதே சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கும் ஓர் அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாமல், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடும் இல்லாமல் இருந்தால், கடனைத் தள்ளுபடி செய்து புதிதாகத் தொடங்க அனுமதிக்கலாம் என்கிறது அது. அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வரவில்லை. நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடும் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தத் தங்கச்சியின் வாசலுக்கு இவை எதுவும் நடந்து வருவதில்லை. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

மகமையும் பஞ்சமி நிலமும்

தனியாக உழைத்து முன்னேறியவர்களின் கதைகளை நமக்கு நிறையச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி ஆனது. 2022இல் பங்குச் சந்தைக்கு வந்தது. தோள்சீலைக்காகவும் கோயில் நுழைவுக்காகவும் அடிவாங்கிய ஒரு சமூகம் வங்கி கட்டிய கதை இது. அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்த வங்கிக்கு முன்னால் என்ன இருந்தது? உறவின்முறை இருந்தது, மகமை இருந்தது. வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்தில் பிடித்த பொதுப்பணம், பேட்டையாகவும் பள்ளிக்கூடமாகவும் கடனுதவியாகவும் ஆனது. 1990களில் வங்கியின் பெரும்பங்குகள் வெளியாருக்குப் போனபோது, சமூகமே இயக்கமாகத் திரண்டு அவற்றை மீட்கப் பாடுபட்டது. தனி வியாபாரியின் சாமர்த்தியம் இருந்தது. அதற்குக் கீழே ஊர் கூடிப் போட்ட தரை இருந்தது. இது ஒரு சமூகத்தின் கதை மட்டுமில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வட்டிக்கடையும் மார்வாடிகளின் வணிகமும் உறவு வலையின் மீதுதான் நின்றன. இந்திய முதலாளித்துவம் தனிமனிதரைக் கொண்டு கட்டப்படவில்லை. சாதியையும் குடும்பத்தையும் கொண்டு கட்டப்பட்டு, கட்டி முடித்த பிறகு தனிமனிதர் என்று வெள்ளையடிக்கப்பட்டது.

நம்மிடம் மகமைக்கு வழி இருந்ததா? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. மற்றவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதலைப் பறித்துக்கொண்டு, முதலாளி ஆகாததற்குத் தன்னம்பிக்கைக் குறைவைக் காரணம் சொல்கிறார்கள்.

மூலதனத்தால் சாதியை வெல்வோம் என்று 2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு, பகை இல்லை. நம்மவர் தொழில் நடத்தட்டும், நூறு பேருக்கு வேலை கொடுக்கட்டும். ஆனால் அவர்களும் தனித்தனியாக நின்று ஜெயிக்கவில்லை. சபையாகச் சேர்ந்தார்கள். 2012இல் மத்திய அரசின் கொள்முதல் கொள்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு வந்தபோது அது நம்மவருக்குத் தேவைப்பட்டது. வணிகத்திலும் இடஒதுக்கீடு தேவைப்படுகிறது என்பதே, சந்தை நம்மைத் தனிமனிதராகப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி.

தம்பிக்கு

இனி அந்தத் தம்பியிடம் வருவோம். "என் வேலை பேசட்டும்" என்றார். பேசுகிறதா?

சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறுவேறு பெயர்களில் அனுப்பினார்கள். தலித் என்று தெரியும் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைச் சாதிவாரியாக எண்ணியது. ஏறக்குறைய 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். திறமைக்குச் சாதி இல்லை என்றால், இந்த மேசையைச் சுற்றி மட்டும் ஏன் ஒரே தெருக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சென்ற ஆண்டு தம்பி மறுபடி வந்தார். அலுவலகத்தில் மூன்று ஆண்டாக இலக்கை முடித்துக் காட்டியவர். பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. மேலாளர் சொன்ன காரணம், "நீங்க டீமோட இன்னும் கொஞ்சம் ஒட்டணும்." அதற்கு முந்தின வாரம்தான் கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "திருநெல்வேலியா, எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தம்பியால் நிரூபிக்க முடியாது. நம்மாலும் முடியாது. ஊரில் சாதி செருப்போடு வரும், அடையாளம் காணலாம். அங்கே அது சிரிப்போடு வருகிறது. "அண்ணே, இத யார்ட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் சங்கம் இல்லை. சங்கம் வேண்டாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், சொல்லச் சொன்னதும் அவர்தான். அவருடைய முதல் ஆசை தவறில்லை என்பதை அவருக்கு மறுபடி சொல்ல வேண்டும். 'நான் நானாக இருக்க வேண்டும்' என்பது நம் முன்னோர்கள் செத்துக் கேட்ட உரிமை. கம்பெனி அந்த உரிமையைத் தரவில்லை, அதன் பெயரை மட்டும் தந்தது. வேலைக்குச் சேரும்போது 'நாம் ஒரே குடும்பம்' என்பார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது 'நீங்கள் தனி, உங்கள் செயல்திறன் தனி' என்பார்கள். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அவர்கள் 'நாம்' என்று பேசினாலும் கணக்கை 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறார்கள்.

ஆகவே மன்றம் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இது. தனிமனிதத் தத்துவம் கார்ப்பரேட் கலாச்சாரத்துக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் கார்ப்பரேட் தன்னளவில் அதைக் கடைப்பிடிப்பதே இல்லை. நம்மைப் பிரிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. தனிமனிதரின் மதிப்பு உண்மையில் தேவைப்படுவது நமக்கு. அதைக் காக்க நமக்குச் சேர்க்கை வேண்டும். அந்தச் சேர்க்கை சாதிச் சங்கமாகச் சுருங்கினால், ஊர்ப் பஞ்சாயத்து போல நம் பெண்களையும் பிள்ளைகளையும் அடக்கத் தொடங்கினால், அதையும் எதிர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தானாக இருப்பதற்காகச் சேருகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இன்று இங்கிருந்து போகும்போது மூன்று காரியங்களை முடிவெடுப்போம். முதலாவது, நம் மக்கள் யாரும் கம்பெனியின் தாளிலோ கடன் தாளிலோ தனியாகக் கையெழுத்திடக் கூடாது. மன்றத்தில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. இரண்டாவது, சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகையைப் பொதுவில் போடுவோம். மகமை நமக்கும் முடியும். வாசலில் உட்கார வைக்கப்படும் தங்கச்சிக்கு அன்றைய தவணையைக் கட்டவும், மறுநாள் புகார் கொடுக்கவும் அது உதவட்டும். மூன்றாவது, தனியார் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் சமூகக் கணக்கை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை மாஞ்சோலை மக்களின் வீட்டு நிலக் கோரிக்கையோடு சேர்த்து எடுத்துப் போவோம். இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகள்.

இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவர் ஒருவர், மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர் ஒருவர். உள்ளே மூச்சடக்குவது தனியாளின் திறமை, அதை யாரும் அவருக்காகச் செய்ய முடியாது. ஆனால் கயிறு அசைந்ததும் இழுப்பதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அவர் இறங்கினார். கொக்கிரகுளத்தில் அந்த 17 பேர் தண்ணீருக்குள் போனபோது கரையில் கயிறு பிடிக்க வேண்டிய அரசு தடியோடு நின்றது. இனி இறங்குகிற நம் பிள்ளைகளுக்கு, அது மலையானாலும் கடலானாலும் சென்னையின் கண்ணாடிக் கட்டடமானாலும், கயிறு நம் கையில் இருக்கட்டும்.

தாமிரபரணித் தியாகிகளுக்கு வீரவணக்கம். ஜெய்பீம்.